மினரல், செமி, மீள்சுத்திகரித்தது: திருகோணமலையில் என்ஜின் ஒயில் வாங்குவோர் கேட்கும் கேள்விகள்

ஓட்டோ, பைக், வான், லாண்ட்மாஸ்டர், வள்ள என்ஜின் என்று எல்லாவற்றுக்கும் ஒயில் வாங்குகிறவர்கள் கடையிலும் கராஜிலும் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. உங்கள் வாகனத்தின் கையேடு ஒன்றைச் சொல்லி இந்தப் பக்கம் வேறொன்றைச் சொன்னால், கையேட்டைக் கேளுங்கள்.

மினரல், செமி சிந்தெட்டிக், ஃபுல்லி சிந்தெட்டிக்: உள்ளே என்ன வித்தியாசம்?

எந்த என்ஜின் ஒயிலிலும் ஏறத்தாழ 75 முதல் 85 வீதம் அடிப்படை எண்ணெய். மிச்சம் சேர்மானங்கள்: அழுக்கைக் கழுவுவது, கரியைக் கட்டிபடாமல் மிதக்கவைப்பது, உலோகத் தேய்வைத் தடுக்கும் துத்தநாக-பொஸ்பரஸ் சேர்வை, நுரை தடுப்பு, சூட்டில் ஒயில் தண்ணீராகிவிடாமல் பிடிக்கும் பொலிமர். மினரல், செமி, சிந்தெட்டிக் என்ற பெயர்கள் அடிப்படை எண்ணெயைப் பற்றி மட்டுமே பேசுகின்றன.

ஏபிஐ என்ற அமெரிக்க பெற்றோலிய நிறுவனம் அடிப்படை எண்ணெய்களை ஐந்து குழுவாகப் பிரிக்கிறது. முதலாம் குழு பழைய முறையில் கரைப்பான் கொண்டு சுத்திகரித்தது, கந்தகம் 0.03 வீதத்துக்கு மேல் இருக்கலாம். இரண்டாம் குழு ஐதரசன் செலுத்திச் சுத்திகரித்தது, கந்தகம் 0.03 வீதத்தைத் தாண்டாது, நிரம்பிய ஐதரோகாபன் 90 வீதத்துக்குக் குறையாது. மூன்றாம் குழுவும் மசகு (கச்சா) எண்ணெயிலிருந்து வருவதுதான், ஆனால் கடுமையாக ஐதரசனேற்றியதால் சூட்டில் தடிப்பு எவ்வளவு மாறாமல் நிற்கிறது என்று காட்டும் பாகுநிலைச் சுட்டெண் அதற்கு 120க்குக் குறையாது. நான்காம் குழு ஆலையில் மூலக்கூறு மூலக்கூறாகக் கட்டிய பிஏஓ என்ற செயற்கை எண்ணெய். எஸ்டர் போன்ற மிச்சம் எல்லாம் ஐந்தாம் குழு.

மூன்றாம் குழுவைச் "சிந்தெட்டிக்" என்று அழைக்கலாமா என்று இரண்டு பெரிய கம்பனிகள் அமெரிக்காவில் மோதி, 1999 இல் விளம்பர நடுவர் அமைப்பு "அழைக்கலாம்" என்று முடிவு சொன்னது. அதன் பிறகு கடைத்தட்டில் இருக்கும் "ஃபுல்லி சிந்தெட்டிக்" போத்தல்களில் பெரும்பாலானவை மூன்றாம் குழுவே. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. விலை கொடுக்கும்போது தெரிந்திருந்தால் போதும்.

செமி சிந்தெட்டிக் என்றால் பாதிக்குப் பாதியா?

இல்லை. இத்தனை வீதம் சிந்தெட்டிக் இருந்தாக வேண்டும் என்று பொதுவான விதி எதுவும் கிடையாது. ஒரு கம்பனி 10 வீதம் சேர்க்கலாம், இன்னொன்று 40. போத்தலில் எழுதமாட்டார்கள். ஆகவே இரண்டு செமி போத்தல்களை ஒப்பிட "செமி" என்ற சொல் உதவாது. பின்பக்கத்தில் இருக்கும் ஏபிஐ தரம், ஜாஸோ என்ற ஜப்பானியத் தரம், தடிப்பு எண் ஆகியவைதான் உதவும்.

மீள்சுத்திகரித்த ஒயில் என்றால் பழைய ஒயிலை வடித்து விற்பதுதானே?

வடிப்பது வேறு, மீள்சுத்திகரிப்பது வேறு. இந்த இரண்டையும் குழப்புவதால்தான் நல்ல பொருளுக்குக் கெட்ட பெயரும், கெட்ட பொருளுக்கு வாடிக்கையாளரும் கிடைக்கிறார்கள்.

என்ஜினுக்குள் ஒயில் "செத்துப்போவது" அடிப்படை எண்ணெய் முழுவதும் தேய்ந்ததால் அல்ல. சேர்மானங்கள் தீர்ந்துபோகின்றன, கரி, தண்ணீர், எரியாத பெற்றோல், அமிலம், உலோகத்தூள் சேர்கின்றன, கொஞ்சம் ஒட்சியேற்றமும் நடக்கிறது. அடிப்படை எண்ணெயின் பெரும்பங்கு அப்படியே கிடக்கிறது. ஆலை அதைத்தான் மீட்கிறது. முதலில் சூடாக்கித் தண்ணீரையும் இலகு எரிபொருளையும் ஆவியாக்குவார்கள். பிறகு வெற்றிடத்தில், 300 பாகை செல்சியஸையொட்டிய சூட்டில், மெல்லிய படலமாகப் பரப்பி ஆவியாக்கி வடிப்பார்கள். வெற்றிடம் எதற்கு என்றால், சாதாரண அழுத்தத்தில் அவ்வளவு கனமான எண்ணெய் கொதிப்பதற்கு முன்பே பிளந்து கருகிவிடும். உலோகமும் பழைய சேர்மானமும் அடியில் தாராக நின்றுவிடும். அது றோட்டுத் தாருடன் கலக்கப் போகும். கடைசியில் உயர் அழுத்தத்தில் ஐதரசனும் ஊக்கியும் கொண்டு கந்தகம், நைதரசன், நிறம், மணம் எல்லாவற்றையும் நீக்குவார்கள். வெளியே வருவது பெரும்பாலும் இரண்டாம் குழு. அதற்குப் புதிய சேர்மானங்கள் போட்டால்தான் அது என்ஜின் ஒயில்.

அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் கணக்கில், சுமார் 2.4 லீற்றர் புதிய ஒயில் எடுக்க ஒரு பீப்பாய், அதாவது 159 லீற்றர், மசகு எண்ணெய் வேண்டும். அதே 2.4 லீற்றரை 3.8 லீற்றர் பழைய ஒயிலிலிருந்து எடுத்துவிடலாம்.

அப்படியானால் வடித்து விற்பது எது? எப்படிக் கண்டுபிடிப்பது?

கறுப்பு ஒயிலைத் துணியில் வடித்து, கந்தக அமிலம் ஊற்றி, களிமண் போட்டு நிறத்தை வெளுக்கவைத்து, பழைய கானிலோ காலிப் போத்தலிலோ அடைப்பது. அமில-களிமண் முறையும் ஒருகாலத்தில் பெரிய ஆலைகள் கையாண்டதுதான். மிஞ்சும் அமிலச் சேற்றை வைத்துக்கொள்ள இடமில்லாமல் பல நாடுகள் கைவிட்டன. கொட்டிலுக்குள் செய்யும்போது தண்ணீரும் பெற்றோலும் முழுதாக நீங்காது, புதிய சேர்மானம் ஒரு துளியும் சேராது. நிறம் தேன் போல இருக்கும். என்ஜினுக்குள் போனதும் சூட்டில் தண்ணீராக ஓடும். ரொக்கர் ஆம், கேம் ஷாஃப்ட் போன்ற மேல் பகுதிகள் முதலில் தேயும். டப்பட் சத்தம் கூடும், வால்வு இடைவெளி அடிக்கடி செற் பண்ண வேண்டிவரும்.

நிறத்தையும் விரலில் பிடிக்கும் பிசுபிசுப்பையும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், இரண்டையும் ஏமாற்றலாம். மூடியின் உடைவளையம், வாய்க்குள் ஒட்டியிருக்கும் ஃபொயில், போத்தலில் அச்சிட்ட தொகுதி எண் இவற்றைப் பாருங்கள். தொகுதி எண் இரசாயனத் துணியால் துடைத்ததுபோல் மங்கியிருந்தால் வாங்காதீர்கள். "லூஸ் ஒயில்" வேண்டவே வேண்டாம். பீப்பாயிலிருந்து ஊற்றித் தருவதென்றால் அந்தப் பீப்பாயின் லேபலையும் சீலையும் காட்டும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

இன்னொன்று: காலிப் போத்தலை அப்படியே எறியாதீர்கள். அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, லேபலைக் கிழித்துவிடுங்கள். போலி ஒயில்காரருக்கு மூலப்பொருளே நல்ல கம்பனியின் காலிப் போத்தல்தான்.

உண்மையான மீள்சுத்திகரித்த ஒயிலை நம்பி ஊற்றலாமா? என்ஜின் வாறண்டி போகாதா?

ஏபிஐ உரிமம் பெற்ற ஒயில் என்றால் ஊற்றலாம். உரிமத்துக்கான என்ஜின் சோதனைகள் புதிய எண்ணெய்க்கும் மீள்சுத்திகரித்த எண்ணெய்க்கும் ஒன்றேதான். தேய்வு, சேறு, படிவு, ஆவியாதல் எதிலும் சலுகை இல்லை. அமெரிக்காவின் வர்த்தக ஆணையமும் 1995 இல், ஏபிஐ சோதனையில் தேறிய மீள்சுத்திகரித்த ஒயிலைப் புதியதற்குச் சமமானது என்று லேபலில் போடலாமென விதி செய்தது. வாறண்டிக்கு உற்பத்தியாளர் கேட்பது தரமும் தடிப்பும். எண்ணெய் எந்தக் கிணற்றிலிருந்து வந்தது என்று எவரும் கேட்பதில்லை.

"மீள்சுத்திகரித்தது" என்று பெரிதாக எழுதி, ஏபிஐயின் வட்ட முத்திரையோ உரிமமோ இல்லாத போத்தல் வந்தால் ஒதுக்குங்கள். ஏபிஐயின் இணையத்தளத்தில் உரிமம் பெற்ற ஒயில்களின் பட்டியல் உண்டு; போத்தலில் உள்ள பெயரைப் போட்டுத் தேடினால் ஒரு நிமிட வேலை.

சீனக்குடாவில் ஒயில் ஆலை இருக்கிறதே, அங்கே பழைய ஒயிலைச் சுத்திகரிக்கிறார்களா?

அங்கே உள்ள லங்கா ஐஓசியின் ஆலை கலப்பு ஆலை. அடிப்படை எண்ணெயையும் சேர்மானங்களையும் இளஞ்சூட்டில் அளவாகக் கலந்து போத்தலிலும் பீப்பாயிலும் அடைப்பது அதன் வேலை. சுத்திகரிப்பு வேறு தொழில். காட்டுக்குள் தெரியும் பிரிட்டிஷ் காலத்து 99 பெரிய தாங்கிகளோ எரிபொருள் களஞ்சியம். என்ஜின் ஒயிலோடு அவற்றுக்குச் சம்பந்தமில்லை.

20டபிள்யூ-50, 10டபிள்யூ-30, 0டபிள்யூ-20: நமது வெக்கைக்கு எது?

டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் என்ஜின் சுழல்வதைப் பற்றியது. 20டபிள்யூ சோதனை சுழியத்துக்குக் கீழ் 15 பாகையில், 0டபிள்யூ சோதனை சுழியத்துக்குக் கீழ் 35 பாகையில். மார்கழி விடியலில்கூட 20 பாகைக்குக் கீழே போவது அபூர்வமான ஊரில் அந்த எண்ணுக்காக மட்டும் மேலதிகக் காசு கொடுக்கத் தேவையில்லை. பின்னால் உள்ள எண் 100 பாகையில் உள்ள தடிப்பு. அதைத்தான் கையேட்டோடு ஒத்துப்பாருங்கள்.

"வெக்கைக்குத் தடிப்பான ஒயில்" என்ற பேச்சு பழைய என்ஜின்களுக்குச் சரி. வகன்ஆர், அக்குவா போன்ற ஹைபிரிட்டுக்கும் புதிய சிறு கார்களுக்கும் அது கேடு. அவற்றின் பெயரிங் இடைவெளியும் ஒயில் பம்பும் மெல்லிய ஒயிலுக்கென்று செய்தவை; என்ஜின் நின்று நின்று ஓடுவதால் ஒவ்வொரு முறையும் ஒயில் சட்டென்று மேலே ஏற வேண்டும். 0டபிள்யூ-20 கேட்டால் 0டபிள்யூ-20 தான். அதில் மினரல் தேடாதீர்கள்: முதலாம், இரண்டாம் குழு எண்ணெயைக் கொண்டு மட்டும் 0டபிள்யூ செய்ய முடியாது. யாராவது மலிவாக "மினரல் 0டபிள்யூ-20" தந்தால் போத்தலைச் சந்தேகியுங்கள்.

ஓட்டோவுக்குக் கார் ஒயில் ஊற்றினால் என்ன?

நான்கு அடி (ஃபோர் ஸ்ட்ரோக்) ஓட்டோவிலும் கியர் பைக்கிலும் என்ஜின், கிளச், கியர்பொக்ஸ் மூன்றும் ஒரே ஒயிலில் குளிக்கின்றன. கார் ஒயிலில், விசேடமாக "ரிசோர்ஸ் கன்சேர்விங்" என்று ஏபிஐ வட்ட முத்திரையின் கீழ்ப்பக்கத்தில் எழுதிய மெல்லிய ஒயிலில், வழுக்கலைக் கூட்டும் சேர்மானம் உண்டு. அது கிளச் தட்டுக்களிலும் படியும். கோணேசர் கோயில் ஏற்றத்தில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போகும்போது என்ஜின் அலறும், வண்டி நகராது. தட்டு கருகிய பிறகு ஒயிலை மாற்றி மட்டும் மீட்க முடியாது. தட்டும் மாற்ற வேண்டும்.

ஆகவே ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டதை வாங்குங்கள். பஜாஜ் ஓட்டோவுக்கு வழக்கமான தடிப்பு 20டபிள்யூ-50. கியர் பற்கள் பொலிமரை நறுக்கி ஒயிலை மெல்லியதாக்கும் என்பதால், ஓட்டோ ஒயில் அதே வயதுக் கார் ஒயிலைவிட முன்னதாகத் தடிப்பு இழக்கும். மாற்றும் தூரம் குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம் இது. கியர் மாற்றும்போது "கட கட" என்று கடினமாக விழ ஆரம்பித்தால் ஒயிலின் நாள் முடிந்துவிட்டது.

ஸ்கூட்டிக்குக் கதை வேறு. அதன் கிளச் உலர் கிளச், பெல்ட்டோடு தனியாக இருக்கிறது. ஜாஸோ எம்பி 10டபிள்யூ-30 அதற்குப் போதும், எரிபொருளும் கொஞ்சம் மிச்சம். பின் சில்லுக் கியருக்குத் தனி ஒயில் உண்டு. அதை ஆயுள் முழுக்க மாற்றாமல் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

டீசல் வானுக்கு சிகே-4 புதியது, சிஐ-4 பழையது. புதியதே நல்லதா?

இவை ஏபிஐயின் டீசல் ஒயில் தரங்கள். இங்கே எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். சாதாரண லங்கா ஓட்டோ டீசலில் கந்தகம் சூப்பர் டீசலைவிடப் பலமடங்கு. எரியும்போது அது அமிலமாகி ஒயிலுக்குள் இறங்கும். அந்த அமிலத்தைத் தின்னும் காரச் சேமிப்பை டிபிஎன் என்ற எண்ணால் குறிப்பார்கள். சிஜே-4, சிகே-4 இரண்டும் கந்தகம் மிகக் குறைந்த டீசலுக்கும், புகையின் கரியைப் பிடிக்கும் புகைவடிப் பொறி (டிபிஎஃப்) உள்ள என்ஜினுக்கும் ஆனவை. சாம்பல் கட்டுப்பாடு இருப்பதால் டிபிஎன்னைத் தாராளமாக ஏற்ற முடியாது. ஓட்டோ டீசல் அடிக்கும் பழைய ஹயேஸ், டொல்பின், டிமோ பட்டாக்களுக்கு டிபிஎன் 10ஐயொட்டிய சிஐ-4 15டபிள்யூ-40 மினரலே பொருத்தம். சூப்பர் டீசல் அடிக்கும், புகைவடிப் பொறி உள்ள புதிய வண்டி என்றால் மாறாகச் செய்ய வேண்டும்: சிகே-4 அல்லது கையேடு சொல்லும் ஐரோப்பியத் தரம். அதில் சிஐ-4 ஊற்றினால் சாம்பல் பொறியை அடைக்கும்.

பெற்றோலில் இந்தச் சிக்கல் இல்லை. எஸ்எல் என்ற ஏபிஐ தரம் கேட்கும் காருக்கு, அதற்குப் பிந்திய எஸ்என், எஸ்பி எது ஊற்றினாலும் சரி. பிந்தியது முந்தியதை உள்ளடக்கும்.

மினரலில் ஓடிய பழைய என்ஜினை சிந்தெட்டிக்குக்கு மாற்றினால் ஒழுகுமா? செமியும் மினரலும் கலந்துவிட்டால்?

கலந்தால் கட்டிபடாது. வழியில் ஒயில் குறைந்து, கையில் இருப்பது வேறு வகை என்றால், வறண்டு ஓடுவதைவிட அதை ஊற்றுவது ஆயிரம் மடங்கு மேல். அடுத்த சேர்விஸில் முழுதாக மாற்றிவிடுங்கள். ஆனால் ஒரு போத்தல் சிந்தெட்டிக், இரண்டு போத்தல் மினரல் என்று ஊற்றி "நானே செமி செய்தேன்" என்பதில் இலாபமில்லை. சேர்மானங்களின் அளவு குலையும்.

ஒழுகல் பற்றி: சிந்தெட்டிக் சீலைக் கரைப்பதில்லை. ஏற்கெனவே இறுகி வெடித்த சீலின் இடைவெளியைச் சேறு அடைத்துக்கொண்டிருக்கும். கழுவும் சக்தி கூடிய ஒயில் அந்தச் சேற்றை எடுத்துவிட ஒழுகல் வெளியே தெரியும். மிகுந்த சேறு உள்ள என்ஜினில் இளகிய சேறு பம்பின் வலையை அடைப்பதுதான் பெரிய ஆபத்து. அப்படிப்பட்டதற்கு முதலில் நல்ல மினரல் அல்லது செமியை ஊற்றி 1000 கிலோமீற்றரில் ஃபில்டரோடு மாற்றி, பிறகு ஏறுங்கள்.

எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது?

காருக்கு மினரல் 5000, சிந்தெட்டிக் 10,000 என்பது பொதுக் கணக்கு; பைக், ஓட்டோவுக்குக் கையேடு இதைவிடக் குறைவாகவே சொல்லும். கையேட்டில் "கடும் பாவனை" என்று தனி வரி ஒன்று இருக்கும். சந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் இடையே மூன்று கிலோமீற்றர் ஓடி ஓடி நிற்பது, நிலாவெளிக் கடற்கரை மணலில் ஓடுவது, சுமையோடு மெதுவாகப் போவது எல்லாம் அந்த வரிக்குள் அடங்கும். குறுகிய ஓட்டத்தில் ஒயில் சூடேறித் தண்ணீரையும் பெற்றோலையும் விரட்ட நேரம் கிடைப்பதில்லை. தூரம் ஓடாவிட்டாலும் மினரலை 6 மாதத்தில், சிந்தெட்டிக்கை 12 மாதத்தில் மாற்றுங்கள். லாண்ட்மாஸ்டருக்குக் கிலோமீற்றர் கிடையாது. பல சிறு டீசல் என்ஜின்களுக்கு 100 மணித்தியாலம் என்பார்கள். தம்பலகாமத்தில் உழவு காலத்தில் நாளுக்கு 8 மணித்தியாலம் ஓடினால் பதின்மூன்றாம் நாள் ஒயில் மாற்றம்.

டீசல் ஒயில் மாற்றி இரண்டு நாளில் கறுத்துவிட்டதே என்று பதற வேண்டாம். கரியை மிதக்கவைத்திருக்கிறது, அதன் வேலையைச் செய்கிறது.

வீட்டில் மாற்றும்போது எங்கே பிழைக்கிறது?

என்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இளஞ்சூட்டில் கரி ஒயிலோடு சேர்ந்து இறங்கும். கொதிக்கக் கொதிக்கத் திறந்தால் கை வெந்துபோகும். மேல் மூடியைத் திறந்துவிட்டு ட்ரெய்ன் நட்டைக் கழற்றி, 10 நிமிடமாவது வடியவிடுங்கள். ஓட்டோவில் ஃபில்டரோடு கம்பிவலையும் இருக்கும். அதைக் கழற்றிக் கழுவாமல் விடுவது வழக்கமான பிழை. நட்டின் வொஷரைப் புதிதாகப் போடுங்கள். அலுமினிய சம்ப்பில் நட்டை மூச்சுப்பிடித்து இறுக்கினால் மரை போய்விடும்.

கார் ஃபில்டரின் ரப்பரில் புதிய ஒயில் தடவி, பழைய ரப்பர் என்ஜினிலேயே ஒட்டியிருக்கவில்லை என்று பார்த்து, கையால் முட்டும்வரை சுற்றி, பிறகு முக்கால் சுற்று. இரண்டு ரப்பர் ஒன்றின் மேல் ஒன்று இருந்தால் முதல் கிலோமீற்றரிலேயே ஒயில் முழுவதும் றோட்டில்.

சொன்ன அளவில் கால் லீற்றர் குறைத்து ஊற்றி, ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக் பார்த்து நிரப்புங்கள். மேல் கோட்டைத் தாண்டினால் கிராங்க் ஒயிலை அடித்து நுரையாக்கும். நுரை பெயரிங்கைத் தாங்காது.

மழைவெள்ளம் என்ஜினுக்குள் போய்விட்டது. ஒயில் பால்தேநீர் நிறமாக இருக்கிறது.

ஸ்டார்ட் பண்ணாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கொனெக்டிங் ரொட் வளையும். பிளக்கை, டீசல் என்றால் இன்ஜெக்டரைக் கழற்றி, கையால் மெதுவாகச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஒயிலை ஒருநாள் அசையாமல் விட்டால் தண்ணீர் அடியில் தங்கும். முதலில் அது, பிறகு ஒயில் வடியும். மலிவான, ஆனால் சரியான தரமுள்ள மினரலை ஊற்றி, ஃபில்டர் மாற்றி, 10 நிமிடம் சும்மா ஓட்டி வடியுங்கள். நிறம் தெளியும்வரை இரண்டு மூன்று தடவை இதைச் செய்ய வேண்டும். சிந்தெட்டிக்கை இதற்கு வீணாக்காதீர்கள்.

உறுதிப்படுத்த ஒரு வழி: நன்றாகச் சூடான இரும்புத் தட்டில் ஒரு துளி விடுங்கள். வெடித்துப் பொரிந்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. கடல் நீர் என்றால் காத்திருக்கவே வேண்டாம். உப்பு பெயரிங் உலோகத்தை அரிக்கத் தொடங்கிவிடும், அன்றைக்கே கழுவி மாற்றுங்கள். வெள்ளமே வராமல் ஒயில் வெளுத்தால் ஹெட் காஸ்கெற்றைப் பாருங்கள்.

வடித்த பழைய ஒயிலை என்ன செய்வது? வேலிக்கட்டைக்குப் பூசலாமா?

கறையானுக்கு வேலிக்கட்டையிலும், புழுவுக்கு வள்ளத்தின் அடியிலும் பூசுவது ஊர் வழக்கம். பழைய ஒயிலில் எரிபொருள் கருகியதால் வந்த, தோல் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருட்கள் இருக்கின்றன. வெறுங்கையால் பூசுகிறவருக்கும், மழைக்குப்பின் அந்தத் தண்ணீர் இறங்கும் கிணற்றுக்கும் கேடு. கொட்டியாரக் குடாவிலும் கிண்ணியாக் களப்பிலும் வள்ளத்து அடித்தண்ணீரை ஒயிலோடு இறைத்து ஊற்றுவது கடல் மாசுறல் தடுப்புச் சட்டத்தில் குற்றம்.

இலங்கையில் பழைய ஒயில் 2008 ஆம் ஆண்டு வர்த்தமானி ஒழுங்குவிதிகளின்படி பட்டியலிடப்பட்ட கழிவு. சேகரிக்கவும் ஏற்றவும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். வீட்டில் மாற்றுகிறவர் மூடியுள்ள கானில் சேர்த்து, அப்படி அனுமதியுள்ள சேகரிப்பாளருக்குக் கொடுக்கும் சேர்விஸ் நிலையத்தில் ஒப்படைக்கலாம்.

சேர்க்கும்போது ஒயிலை மட்டும் சேருங்கள். பிரேக் ஒயில், கூலன்ட், தின்னர், பிரேக் கிளீனர் எதையும் அதே கானில் ஊற்றாதீர்கள். குளோரீன் உள்ள கிளீனர் ஒரு கோப்பை விழுந்தாலே பீப்பாய் முழுவதும் சுத்திகரிப்புக்கு உதவாமல் போகலாம். அமிலமாகிக் குழாயை அரிக்கும். பழைய ஃபில்டரின் தலையில் ஓட்டை போட்டு, சூடாக இருக்கும்போதே கவிழ்த்து 12 மணித்தியாலம் வடியவிட்டால் உள்ளே ஒளிந்திருக்கும் ஒயிலும் வரும்.

வள்ளத்தின் வெளியிணைப்பு இயந்திரத்துக்கு 2ரி (டூ ஸ்ட்ரோக்) பைக் ஒயில் கலக்கலாமா?

வேண்டாம். தண்ணீரால் குளிரூட்டப்படும் வள்ள இயந்திரத்துக்குச் சாம்பல் இல்லாத டிசி-டபிள்யூ3 (TC-W3) தர ஒயில்தான். பைக் 2ரி ஒயிலின் சாம்பல் பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் படியும். பெற்றோலில் 50க்கு 1 என்றால் 20 லீற்றருக்கு 400 மில்லி. மண்ணெண்ணெயில் ஓடும் மாதிரிகளுக்கு ஒயில் இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். அளவு இயந்திரத்தின் தகட்டிலோ கையேட்டிலோ இருக்கும், பக்கத்து வள்ளக்காரரின் அளவு உங்கள் இயந்திரத்துக்குப் பொருந்தாமல் போகலாம்.